வாக்குகளை எண்ணுவதா, நிறுப்பதா?

மாணவர்களே, முதலில் ஒரு புதிர்.

இணையத்தில் கட்டுரை எழுதினால் காசு தரும் ஓர் இடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கிக்கு வேண்டிய குழியாடியை வீட்டிலேயே தேய்த்துச் செய்வது எப்படி என்று அங்கே நீங்கள் ஒரு கட்டுரை எழுதுகிறீர்கள். பத்து நாள் உழைப்பு. படங்களும் நீங்களே வரைந்தவை. நூறு பேர் படித்து, 'நன்று' என்று வாக்களிக்கிறார்கள். அதே நாளில் வேறொருவர் நான்கு வரி எழுதி ஒரு புகைப்படத்தை ஒட்டுகிறார். அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாக்கு. ஏழாம் நாள் கணக்கை முடிக்கும்போது, உங்களுக்குக் கிடைத்ததைப் போல் பத்து மடங்கு அவருக்குப் போகிறது. வேறொரு விதிப்படி கணக்கிட்டால் நூறு மடங்கு. இதில் திருட்டு இல்லை. கணக்குப் பிழையும் இல்லை. எப்படி?

இப்படிப்பட்ட இடம் கற்பனை அன்று. 2016 மார்ச்சில் டேன் லாரிமர், நெட் ஸ்காட் என்னும் இருவர் ஸ்டீம் என்ற பிளாக்செயினைத் தொடங்கினார்கள். அதன்மீது அமைந்த எழுத்துத் தளத்தின் பெயர் ஸ்டீமிட். எழுதியவர்களுக்கு முதன்முதலாகப் பரிசு வழங்கப்பட்ட நாள் 2016 ஜூலை 4. எழுதுகிறவரே பயனடைய வேண்டும், நடுவில் விளம்பர நிறுவனம் எதற்கு என்பதுதான் அவர்கள் சொன்ன நோக்கம். நல்ல நோக்கம்தான். எழுதி வந்தவர்கள் பட்ட பாட்டைப் புரிந்துகொள்ள அந்த இயந்திரத்தின் உள்ளே சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

பிளாக்செயின் என்றால் என்ன? மளிகைக் கடைக்காரர் பேரேடு எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏடு ஒன்று, அது அவர் கையில் இருக்கிறது. நடுவில் ஒரு தாளைக் கிழித்து வேறு தாளை ஒட்டினால் நமக்குத் தெரியாது. அதே பேரேட்டின் படிகளைப் பல நாடுகளில் உள்ள கணிப்பொறிகள் ஒரே சமயத்தில் வைத்திருந்தால்? ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும், முந்தைய பக்கத்தில் உள்ளவற்றைக் கொண்டு கணக்கிட்ட ஒரு முத்திரை எண்ணையும் பொறித்துவிட்டால்? பழைய பக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் முத்திரை எண் மாறும்; அடுத்த பக்கத்துடன் பொருந்தாது. பக்கங்கள் இவ்வாறு சங்கிலிபோல் கோக்கப்படுவதால்தான் அந்தப் பெயர். ஸ்டீமில் 3 வினாடிக்கு ஒரு பக்கம்; நாளொன்றுக்கு 28,800 பக்கங்கள். பக்கம் எழுதும் பொறுப்பு ஒவ்வொரு சுற்றிலும் 21 'சாட்சி'களுக்கு உரியது. அவர்களுள் 20 பேரை நாணயம் வைத்திருப்போர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மீதி ஓரிடம் மற்றவர்களுக்கு மாறி மாறி வரும்.

சரி, பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது? விளம்பரத்திலிருந்து அன்று, வாசகரின் சந்தாவிலிருந்தும் அன்று. புதிய நாணயங்களை அந்த ஏடே உண்டாக்கிக்கொள்கிறது. 2016 டிசம்பரில் வகுத்த விதிப்படி, புழக்கத்தில் உள்ள நாணயங்களுக்கு ஆண்டுக்கு 9.5 விழுக்காடு என்ற வீதத்தில் புதியவை பிறக்கும். 2,50,000 பக்கங்களுக்கு ஒருமுறை அந்த வீதம் 0.01 குறைந்துகொண்டே போய் 0.95இல் நிற்கும். அதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று மேலே சொன்ன 28,800ஐக் கொண்டு நீங்களே வகுத்துப் பாருங்கள். இருபதுக்குச் சற்று மேல் வரவேண்டும். பிறந்த நாணயங்களில் 75 விழுக்காடு பரிசுத் தொட்டிக்குப் போயிற்று.

தொட்டி என்ற சொல்லை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அதில் விழும் நீரின் அளவு நிலையானது. ஆயிரம் பேர் எழுதினாலும் லட்சம் பேர் எழுதினாலும் குழாயின் வேகம் மாறாது. ஆகவே உங்கள் கட்டுரை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதற்கு இங்கே தனி மதிப்பு கிடையாது. மற்றவர்களின் கட்டுரைகளோடு ஒப்பிட்டால் உங்கள் பங்கு எவ்வளவு என்பதே கேள்வி. எழுதுவோர் கூடக்கூட ஒவ்வொருவரின் செம்பிலும் நீர் குறையும்.

இனி வாக்கு. நம் ஊர்த் தேர்தலில் ஒருவருக்கு ஒரு வாக்கு. ஸ்டீமில் அப்படி இல்லை. நீங்கள் எவ்வளவு நாணயத்தை 'ஸ்டீம் பவர்' என்ற பெயரில் பூட்டி வைத்திருக்கிறீர்களோ, அவ்வளவு எடை உங்கள் வாக்குக்கு. ஆயிரம் மடங்கு வைத்திருப்பவரின் ஒரு வாக்கு, உங்கள் ஆயிரம் வாக்குகளுக்குச் சமம். பெரும் பங்குடையோரைத் திமிங்கிலங்கள் என்றும் மற்றவர்களைச் சிறுமீன்கள் என்றும் அங்கே வழங்கும் பெயர்களே நிலைமையைச் சொல்லிவிடுகின்றன. புதிருக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது: வாக்குகளை அங்கே எண்ணுவதில்லை, நிறுக்கிறார்கள்.

ஒருவரே நாள் முழுவதும் வாக்களித்துக்கொண்டிருந்தால்? அதற்கு ஒரு தடை வைத்தார்கள். இயற்பியல் படிக்கும் உங்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். ஒவ்வொரு முழு வாக்கும், அப்போது கையில் மிஞ்சியிருக்கும் வாக்கு வலுவில் 2 விழுக்காட்டைக் குடித்துவிடும். பத்து வாக்குகளுக்குப் பின் மிஞ்சுவது 0.98இன் பத்தாம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 82 விழுக்காடு. ஐம்பது வாக்குகளுக்குப் பின் 36 விழுக்காடு. மின்தேக்கி மின்னிறக்கம் ஆவதும் இப்படித்தானே! ஆனால் வலு மீண்டும் ஏறுவது அவ்வாறன்று. நாளொன்றுக்கு 20 விழுக்காடு என்று ஒரே சீராக ஏறும். இறங்குவது மின்தேக்கியைப் போல, ஏறுவது குழாயடிக் குடத்தைப் போல. இப்படி ஒரு கருவியை எந்த ஆய்வகத்திலும் நான் கண்டதில்லை.

இனிதான் கதையின் முக்கியமான பகுதி. வாக்குகளின் மொத்த எடை தெரிந்தபின் அதைப் பரிசாக மாற்றுவது எப்படி? தொடக்கத்தில் வைத்த விதி வர்க்க விதி. எடை n என்றால் பரிசு n²க்கு நேர் விகிதத்தில் இருக்கும். கம்பியில் மின்னோட்டத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் வெப்பம் நான்கு மடங்கு ஆகிறதல்லவா, அதுபோல. உங்கள் தொலைநோக்கிக் கட்டுரைக்கு ஓரலகு எடையுள்ள நூறு வாக்குகள்: n = 100, வர்க்கம் 10,000. பக்கத்துக்காரருக்கு ஒரு திமிங்கிலத்தின் ஒரே வாக்கு: n = 1,000, வர்க்கம் 10,00,000. ஒன்றுக்கு நூறு!

ஏன் இப்படிச் செய்தார்கள்? முட்டாள்தனமாக அன்று. நூறு அலகு வைத்திருக்கும் ஒருவர் தானே பத்துத் துண்டுக் கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பத்து அலகாகத் தனக்குத்தானே வாக்களித்தால் என்ன கிடைக்கும்? 10² = 100; பத்துக்கும் சேர்த்து 1,000. பலரோடு சேர்ந்து ஒரு நல்ல கட்டுரையில் வாக்கைக் குவித்தால் அது எவ்வளவோ மடங்கு பெருகும். எனவே தன்னலக்காரனும் நல்லதைத் தேடிப் போவான் என்று கணக்கிட்டார்கள். நடந்தது வேறு. பலர் நல்லதைத் தேடிப் போகவில்லை. திமிங்கிலம் எங்கே போகும் என்று பார்த்துப் பின்னால் போனார்கள். பரிசின் பெரும் பகுதி மிகச் சிலரிடம் குவிந்தது.

2017 ஜூனில் வர்க்கத்தை எடுத்துவிட்டு நேர்விகிதம் வைத்தார்கள். இப்போது ஒன்றுக்கு நூறு என்பது ஒன்றுக்குப் பத்து ஆயிற்று. சிறுமீன்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் நேர்கோட்டில் 10 × 10ம் 100ம் ஒன்றே அல்லவா? பிறர் கட்டுரையைப் படித்து வாக்களிப்பதும், தன் துண்டுக் கட்டுரைக்குத் தானே வாக்களிப்பதும் வருமானத்தில் சமமாகிவிட்டன. இன்னும் மோசமாக, வாக்கை வாடகைக்கு விடும் தானியங்கி நிரல்கள் முளைத்தன. நாணயம் அனுப்பினால் அதற்கேற்ற எடையில் வாக்கு வந்து விழும். படிக்கும் கண் எதுவும் அதில் இல்லை. உண்மையாக எழுதியவர் என்ன செய்வார்? வாங்காவிட்டால் கட்டுரை பட்டியலின் அடியில் புதைந்துபோகும். வாங்கினால், தன் எழுத்தைப் பிறர் காணத் தானே கூலி கொடுத்தவராவார்.

2019 ஆகஸ்டில் மூன்றாம் விதி வந்தது. சிறிய எடைக்கு நேர்விகிதத்தைவிடக் குறைவு; எடை கூடக்கூட நேர்கோட்டை நெருங்கும் வளைகோடு. எதிர்வாக்குக்குத் தனி வலு தந்தார்கள். அதுவரை எழுதியவருக்கு 75, வாக்களித்தவருக்கு 25 என்றிருந்த பங்கீடு பாதிக்குப் பாதி ஆயிற்று. வாக்கு வாடகை மங்கியது உண்மையே. ஆனால் வாசகர் கூட்டம் இன்னும் சேராத புது எழுத்தாளரின் சிறிய வாக்குகளே இம்முறை தேய்ந்தன. எழுதியவரின் பங்கும் இறங்கிற்று. கோட்டை எப்படி வளைத்தாலும் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டே இருந்தது. அளவுகோலில் குறையிருக்கும்போது வரைபடத்தைத் திருத்திப் பயனில்லை என்பது என் எண்ணம். அந்தத் தராசு நிறுத்தது எழுத்தை அன்று, வாக்களித்தவரின் பெட்டியை.

ஏழு நாள் கெடுவை நான் தனியே சொல்லவேண்டும். ஆசிரியத் தொழிலில் இருப்பவனுக்கு அதுதான் உறுத்துகிறது. 2017 முதல் ஒரு கட்டுரைக்குப் பரிசு திரட்டும் காலம் ஏழே நாட்கள். நாணய விலை ஏறுமா இறங்குமா என்ற வம்புக்கும் அதே ஏழு நாள். குழியாடி தேய்க்கும் முறைக்கும் அதே ஏழு நாள். வம்பு எட்டாம் நாள் செத்துவிடும். உங்கள் கட்டுரையோ ஐந்து ஆண்டு கழித்து ஒரு மாணவி தேடி எடுத்துப் படிக்கக்கூடியது. அவள் அளிக்கும் நன்றியால் தொட்டியிலிருந்து ஒரு துளியும் வராது. எழுத்தாளர் எதை எழுதக் கற்றுக்கொள்வார் என்று நினைக்கிறீர்கள்?

கையில் வந்ததும் ரொக்கமாக வருவதில்லை. வழக்கமான முறையில் பரிசின் பாதி, பூட்டிய ஸ்டீம் பவராக வரும். அதை மீட்க வாரம் ஒரு தவணையாக 13 வாரம் என்று நெடுநாள் விதி இருந்தது. அதற்குள் சந்தை சும்மா இருக்குமா? 2018 ஜனவரியில் ஸ்டீம் ஒன்றின் விலை 8 டாலர் அளவுக்கு ஏறியது. அதே ஆண்டு டிசம்பரில் அரை டாலருக்கும் கீழே கிடந்தது. ஒரே உழைப்பு, ஒரே எண்ணிக்கை நாணயம். கூலி மட்டும் பதினாறில் ஒரு பங்குக்கும் கீழ். அந்த நவம்பரில் ஸ்டீமிட் நிறுவனமே தன் ஊழியர்களில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரை நிறுத்துவதாக அறிவித்தது.

வேறு இரு தொல்லைகளையும் குறிப்பிடலாம். முதன்மைக் கடவுச்சொல்லைத் தொலைத்தால் அதை மீட்டுத் தர அலுவலகம் எதுவும் இல்லை. எழுதியதைத் திருத்தினாலும் பழைய வடிவம் ஏட்டில் இருந்தே தீரும். பதினான்கு வயதில் கோபத்தில் எழுதியது நாற்பது வயதிலும் அங்கே இருக்கும்.

எடையே அதிகாரம் என்பதன் முழு விளைவு 2020இல் தெரிந்தது. அந்தப் பிப்ரவரியில் டிரான் என்ற நாணயத்தின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். தொடக்க நாட்களிலேயே அந்நிறுவனம் திரட்டி வைத்திருந்த பெருந்தொகை நாணயம் அவர் கைக்கு வந்தது. அது வாக்களிக்கத் தொடங்கினால் எல்லாச் சாட்சிகளையும் மாற்றிவிடலாம் என்று அஞ்சிய அன்றைய சாட்சிகள் அதை முடக்கினார்கள். மார்ச் 2இல் பெரிய நாணயச் சந்தைகள் சில, வாடிக்கையாளர்கள் தங்களிடம் விட்டு வைத்திருந்த நாணயங்களைக் கொண்டே வாக்களித்தன. சாட்சிகள் ஒரே நாளில் மாறினர். பின்னர் அச்சந்தைகளில் சில தம் வாக்குகளைத் திரும்பப் பெற்றன. மார்ச் 20இல் ஒரு பகுதியினர் ஏட்டையே படியெடுத்துக்கொண்டு ஹைவ் என்ற பெயரில் பிரிந்து போனார்கள். அதுவரை எழுதப்பட்ட கட்டுரைகள் இரண்டு ஏடுகளிலும் இருந்தன. வாசகர் கூட்டம்தான் இரண்டாகப் பிளந்தது.

இதை வகுப்பறையில் செய்து பார்க்கலாம். பதின்மூன்று பேர் வேண்டும்; நூறு புளியங்கொட்டை வேண்டும். ஒருவருக்கு 40, இருவருக்குத் தலைக்கு 15, மீதிப் பத்துப் பேருக்குத் தலைக்கு 3. சுவரில் பெயர் எழுதாமல் சில ஓவியங்களை ஒட்டி, அவரவர் கொட்டைகளை விரும்பிய ஓவியத்தின் கீழ் வைக்கச் சொல்லுங்கள். பத்துப் பேரும் ஒரே ஓவியத்தைத் தேர்ந்தார்கள் என்க. அதன் எடை 30. மற்ற மூவரும் வேறொன்றைத் தேர்ந்தார்கள். அதன் எடை 70. பரிசாக நூறு மிட்டாய்களைப் பங்கிடுங்கள். தலைக்கு ஒரு வாக்கு என்றால் பத்துப் பேரின் ஓவியத்துக்கு 77 மிட்டாய். நேர்விகிதத்தில் 30. வர்க்க விதியில் 900க்கு 4,900. அதாவது 16 மிட்டாய். பிறகு விதியை எல்லோருக்கும் சொல்லிவிட்டு இரண்டாம் சுற்று நடத்துங்கள். மூன்று கொட்டைக்காரர்களில் எத்தனை பேர் ஓவியத்தைப் பார்க்கிறார்கள், எத்தனை பேர் நாற்பது கொட்டைக்காரரின் கையைப் பார்க்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.