கப்பல்ல ரூம் எடுக்கும் முன்னாடி டெக் பிளானைப் பாருங்க: தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு நான் கத்துக்கிட்ட பாடம்



நம்ம கம்பம் பள்ளத்தாக்குல ரெண்டு பக்கமும் மலை, நடுவுல திராட்சைத் தோட்டம், வயல், தென்னந்தோப்பு. கடல் ரொம்ப தூரம். அதனாலதானோ என்னவோ, "ஒரு தடவையாவது கப்பல்ல போயிட்டு வரணும்"ங்கிற ஆசை நம்ம வீட்டுப் பெரியவங்ககிட்ட நிறையவே இருக்கு. 2022 ஜூன்ல சென்னைத் துறைமுகத்துல இருந்து கார்டிலியா நிறுவனத்தோட 'எம்பிரஸ்' சொகுசுக் கப்பல் கிளம்பினப்போ அந்த ஆசை இன்னும் கூடிருச்சு. 2023 ஜூன்ல அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு இலங்கைப் பக்கமும் போச்சு.

கப்பல் டூர் செலவைப் பத்தி நம்ம சேனல்ல ஏற்கனவே பேசியிருக்கோம். அதுல நேரம் பத்தாம விட்டுப்போன ஒரு விஷயம்தான் இந்தப் பதிவு. கப்பல்ல எந்த இடத்துல இருக்கிற ரூமை எடுக்கணும்? சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா நீங்க கட்டுற மொத்தப் பணமும் வீணாகாம இருக்கிறது இதுலதான் இருக்கு. முதல்ல என் கதையைச் சொல்லிடுறேன்.

அம்மா கடலைப் பார்க்காத கதை

அப்பா ரிட்டயர் ஆனப்போ, சிங்கப்பூர்ல இருக்கிற அக்கா வீட்டுக்குக் குடும்பத்தோட போனோம். அங்கிருந்து 3 இரவு கப்பல் பயணம். ரூம் எடுக்கும்போது ரெண்டு விலை காட்டினாங்க. நாமளே ரூம் நம்பரைத் தேர்ந்தெடுத்தா ஒரு விலை. "எந்த ரூம்னு கம்பெனியே முடிவு பண்ணட்டும்"னு விட்டா ஆளுக்கு நம்ம காசுல சுமார் 2,000 ரூபாய் குறைவு. 4 பேருக்கு 8,000 ரூபாய் மிச்சம்னு கணக்குப் போட்டு ரெண்டாவதை டக்குனு அமுக்கிட்டேன்.

அப்பா அம்மாவுக்குக் கிடைச்ச ரூம் கப்பலோட மூக்குப் பகுதியில, மேல் தளத்துல. முதல் ராத்திரியே அலை அடிக்க ஆரம்பிச்சது. குமுளி மலைப்பாதையில பஸ் ஏறினாலே எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டு வர்றவங்க எங்க அம்மா. 2 நாள் படுக்கையை விட்டு எந்திரிக்கவே இல்லை. கடலைப் பார்க்க வந்தவங்க, கட்டிலைப் பார்த்துட்டுத் திரும்பினாங்க. கீழே இறங்கினதும் என்னைப் பார்த்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "ஏப்பா, இதுக்கு எம்புட்டுக் கட்டுன?"

கம்பெனி மேல தப்பு இல்லை. சொன்னதைத்தான் செஞ்சாங்க. எதை வித்து எதை வாங்குறோம்னு தெரியாம 8,000 ரூபாயை மிச்சம் பிடிச்சது நான். அந்த 8,000-க்காக அம்மாவோட டிக்கெட் காசு முழுக்கத் தண்ணியில போச்சு.

வகை வேற, இடம் வேற

கப்பல் ரூமை 'கேபின்'னு சொல்வாங்க. பொதுவா 4 வகை:

1. இன்சைட் கேபின்: ஜன்னல் கிடையாது. விலை குறைவு.
2. ஓஷன் வியூ: திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல். கடல் தெரியும்.
3. பால்கனி: வெளியே நின்னு காத்து வாங்கலாம்.
4. சூட்: பெரிய ரூம், தனிக் கவனிப்பு. விலையும் பெருசு.

ஏஜென்ட்கிட்ட போனா பேச்சு முழுக்க இந்த வகையைப் பத்தித்தான் இருக்கும். ஏன்னா விலை ஏறுறது இதுலதான். ஆனா ஒரே வகைக்குள்ளேயே முன்னாடி, நடுவுல, பின்னாடி, மேலே, கீழேன்னு ரூம்கள் இருக்கு. அதுக்குள்ள விலை வித்தியாசம் கொஞ்சம்தான் இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. வகைக்குப் பணம் போகும். இடத்துக்குப் பெரும்பாலும் 15 நிமிஷ நேரம்தான் போகும். அதனால முதல்ல இடத்தை முடிவு பண்ணுங்க, அப்புறம் வகையைப் பாருங்க.

ஆட்டம் எங்கே குறைவு?

இதைப் புரிஞ்சுக்க நமக்கு இஞ்சினியரிங் எல்லாம் வேண்டாம். நம்ம ஊர் அனுபவமே போதும்.

போடிமெட்டு ஏறும்போது பஸ்ல கடைசி சீட்ல உட்கார்ந்திருக்கீங்களா? பள்ளத்துல இறங்கினா தூக்கிப் போடும். நடு சீட்ல இருக்கிறவர் சாவகாசமா தூங்கிக்கிட்டு வருவார். கப்பலும் அப்படித்தான். அலை மேல ஏறி இறங்கும்போது மூக்கும் வாலும்தான் மேலேயும் கீழேயும் போகும். சீசா பலகையோட நடுப்பகுதி மாதிரி, கப்பலோட நடுப்பகுதி அதிகமா அசையாது.

அடுத்தது உயரம். ஆடிக் காத்துல தென்னை மரத்தைப் பாருங்க. உச்சி பேயாட்டம் ஆடும், அடிமரம் அசையாது. கப்பல் இடமும் வலமும் சாயும்போது மேல் தளம் அதிகமா ஆடும், கீழ்த் தளம் குறைவா ஆடும்.

ஒரு நுணுக்கம் இருக்கு. இந்தக் காலத்துக் கப்பல்கள்ல 'ஸ்டெபிலைசர்'னு தண்ணிக்குள்ள நீட்டி வைக்கிற துடுப்பு இருக்கும். அது பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் நல்லாக் குறைக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குறதை அதால பெருசாக் குறைக்க முடியாது. அதனால ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்னா, 'கீழே' என்பதை விட 'நடுவுல' என்பதுக்கு முதலிடம் கொடுங்க.

பெரிய கப்பலை விடச் சின்ன கப்பல் அலையை அதிகமா உணரும். எம்பிரஸ் 1990-ல பிரான்ஸ்ல கட்டினது, சுமார் 211 மீட்டர் நீளம். இன்னைக்கு உலகத்துல ஓடுற பெரிய கப்பல்கள் 300 மீட்டரைத் தாண்டிப் போகுது. எம்பிரஸ் மாதிரி அளவுள்ள கப்பல்ல இடம் பார்த்து எடுக்கிறது இன்னும் முக்கியம்.

மாசத்தையும் பாருங்க. தென்மேற்குப் பருவக்காத்து நேரத்துல அரபிக்கடல் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில வங்கக் கடல்ல புயல் வரும். நமக்குக் கொச்சி பக்கமாச்சேன்னு ஆடி மாசத்துல அந்தக் கடல்ல பயணம் பார்க்காதீங்க.

தூக்கத்தைக் கெடுக்கிற ரூம்கள்

ஆட்டத்துக்கு அடுத்த எதிரி சத்தம். உங்க ரூமுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்குன்னு பாருங்க.

- மேலே நீச்சல் குளம் இருந்தா: விடியக்காலையிலேயே நாற்காலியை இழுத்துப் போடுற சத்தம் தலைக்கு மேல கேட்கும்.
- கீழே டான்ஸ் ஹால், தியேட்டர் இருந்தா: நடுராத்திரி வரைக்கும் கட்டில் அதிரும்.
- கீழ்த் தளத்துல மூக்குப் பகுதி: துறைமுகத்துக்குள்ள போகும்போது நங்கூரச் சங்கிலி, திருப்புறதுக்கான மோட்டார் சத்தம்.
- கீழ்த் தளத்துல வால் பகுதி: இன்ஜின், புரொப்பல்லர் அதிர்வு.
- லிஃப்டை ஒட்டி: ஆள் நடமாட்டம் ஓயாது. 4, 5 ரூம் தள்ளி எடுங்க. மூட்டுவலி உள்ளவங்களுக்கு ரொம்பத் தள்ளியும் வேண்டாம்.
- பக்கத்து ரூமோட இணைப்புக் கதவு உள்ள ரூம்: ரெண்டு குடும்பமாப் போனா வசதி. தெரியாதவங்க பக்கத்துல இருந்தா அவங்க பேச்சு பூரா கேட்கும்.

சுருக்கமாச் சொன்னா, மேலேயும் ரூம், கீழேயும் ரூம், நடுப்பகுதி, லிஃப்டுக்குக் கொஞ்சம் தள்ளி. அம்புட்டுதான் சூத்திரம்.

ஓஷன் வியூ எடுக்கிறவங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சில ஜன்னலுக்கு முன்னாடி உயிர்காக்கும் படகு தொங்கும். காசு கொடுத்து படகோட முதுகைப் பார்த்துக்கிட்டு வரணும். 'மறைக்கப்பட்ட காட்சி'ன்னு புக்கிங் பக்கத்துல சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, படிச்சுப் பாருங்க.

இடது பக்கமா, வலது பக்கமான்னு நிறையப் பேர் குழம்புறாங்க. சென்னையில இருந்து தெற்கே இலங்கைக்குப் போகும்போது இடது பக்கம் கிழக்கு, சூரிய உதயம் தெரியும். திரும்பும்போது வலது பக்கம் கிழக்கு ஆயிடும். ரெண்டும் சமம்தான். இதுக்குன்னு கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

ஜன்னலுக்கு மணிக்கு எவ்வளவு வாடகை?

இப்ப நம்ம கணக்குக்கு வருவோம். கீழே இருக்கிறது புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்ட விலை. நிஜ விலை நாளுக்கு நாள் மாறும்.

2 பேர், 2 இரவு:

- இன்சைட்: 40,000 ரூபாய்
- ஓஷன் வியூ: 48,000 ரூபாய்
- பால்கனி: 76,000 ரூபாய்

ஜன்னலுக்காக நாம கூடுதலாக் கொடுக்கிறது 8,000 ரூபாய். இப்ப ஒரு கேள்வி. பகல் வெளிச்சத்துல, முழிச்சிருந்து, ரூமுக்குள்ள எத்தனை மணி நேரம் இருப்பீங்க? சாப்பாடு, ஷோ, நீச்சல் குளம்னு சுத்துற ஆளுக்கு மொத்தமே 4 மணி நேரம் தேறும். அப்படின்னா ஜன்னல் வாடகை மணிக்கு 2,000 ரூபாய். பால்கனிக்குக் கூடுதல் 36,000, அதாவது மணிக்கு 9,000 ரூபாய். அதே கடலை மேல் தளத்துல நின்னு சும்மாவே பார்க்கலாம்.

அதே சமயம், முழங்கால் வலியால அதிகம் நடக்க முடியாத பெரியவர் 12 மணி நேரம் ரூம்லயே இருப்பார்னு வைங்க. அவருக்கு ஜன்னல் வாடகை மணிக்குச் சுமார் 670 ரூபாய்தான். கொடுக்கலாம், தப்பே இல்லை. 2 இரவுக்கு வீணாத் தெரியற பால்கனி, 7 இரவுப் பயணத்துல நியாயமாத் தெரியும். ஒரே விலை எல்லாருக்கும் ஒரே மதிப்பு இல்லை.

யாருக்கு எதுன்னு என் கருத்து:

- இளைஞர்கள், முதல் பயணம்: நடுப்பகுதி இன்சைட். மிச்சக் காசைக் கையில வைங்க.
- குழந்தைகளோட போறவங்க: நடுப்பகுதி இன்சைட். இருட்டா இருக்கிறதால பிள்ளைங்க நல்லாத் தூங்கும். 3-வது, 4-வது ஆளுக்கு மேல் பெர்த் உண்டா, விலை குறையுமான்னு கேளுங்க.
- மலைப்பாதையில வாந்தி எடுக்கிறவங்க: கீழ்த் தளம், நடுப்பகுதி, ஓஷன் வியூ. தூரத்துல அசையாத தொடுவானத்தைப் பார்த்தா குமட்டல் குறையும். ஜன்னல் இல்லாத ரூம்ல அந்த வசதி இல்லை. டாக்டரைக் கேட்டு மாத்திரையும் எடுத்துக்கிட்டுப் போங்க.
- தனியாப் போறவங்க: விலையெல்லாம் ரூமுக்கு 2 பேர்னு கணக்கு. ஒருத்தர் போனாலும் கிட்டத்தட்ட 2 பேர் காசு வரலாம், முன்னாடியே கேட்டுக்குங்க.

பணம் கட்டும் முன்னாடி இந்த 6 கேள்வி

1. என் ரூம் நம்பர் என்ன? (பெரும்பாலும் முதல் எண் தளத்தைக் குறிக்கும்.)
2. அந்தக் கப்பலோட டெக் பிளான்ல அது எங்கே இருக்கு?
3. நேர் மேலே, நேர் கீழே என்ன?
4. ஜன்னலை ஏதாவது மறைக்குதா?
5. துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., டிப்ஸ் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?
6. ரத்து பண்ணினா எவ்வளவு திரும்ப வரும்?

"ரூம் நம்பர் அங்கே போய்த்தான் தெரியும்"னு சொன்னா, அதுதான் நான் மாட்டின 'கேரண்டி' கேபின். எங்கே படுத்தாலும் தூக்கம் வரும்னு நம்புறவங்க தாராளமா எடுக்கலாம். பெரியவங்களைக் கூட்டிட்டுப் போனா வேண்டவே வேண்டாம்.

வெளிநாட்டு டூர் பேக்கேஜா இங்கேயே வாங்கினா டி.சி.எஸ். பிடிப்பாங்க. அது செலவு இல்லை, வருமான வரிக் கணக்குல கழிச்சுக்கலாம், இல்லைன்னா ரீஃபண்ட் வாங்கலாம். ஆனா அன்னைக்குக் கையில அந்தப் பணமும் இருக்கணும்.

நம்ம ஊர்ல இருந்து கிளம்புறவங்களுக்குப் போக்குவரத்தும் ஒரு செலவு. போடியில இருந்து சென்னை சென்ட்ரலுக்கு 2023 ஜூன்ல நேரடி ரயில் வந்துச்சு, வாரத்துக்கு 3 நாள்னுதான் ஆரம்பிச்சாங்க. கப்பல் நமக்காகக் காத்திருக்காது. ரயில் நாளைப் பார்த்து, ஒரு நாள் முன்னாடியே சென்னை போய்ச் சேருங்க. அந்த ஒரு ராத்திரி தங்குற செலவையும் பட்ஜெட்ல எழுதுங்க.

கடைசியா ஒண்ணு. இதுக்குன்னு கடன் வாங்காதீங்க. மாசம் 4,000 ரூபாய் ஆர்.டி. போட்டா 15 மாசத்துல 60,000 ரூபாய், வட்டி தனி. 2 பேர் ஓஷன் வியூல போயிட்டு வந்து, ரயில் செலவுக்கும் மிச்சம் இருக்கும்.

நானும் ஒரு ஆர்.டி. போட்டிருக்கேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லலை. "இனிமே கப்பல் பக்கமே வரமாட்டேன்"னு சொன்னவங்க, போன வாரம் டி.வி.யில கடலைப் பார்த்துட்டு, "நடுவுல ரூம் கெடச்சா ஆடாதாப்பா?"ன்னு மெதுவாக் கேட்டாங்க. இந்தத் தடவை ரூம் நம்பரைப் பார்த்துட்டுத்தான் பணம் கட்டுவேன்.

உங்க அனுபவத்தைக் கமெண்ட்ல சொல்லுங்க. இன்னொரு பதிவில் சந்திப்போம்.