பிள்ளைகளுக்கு வரும் இருமுனை மனநோய்: பெற்றோர் அறிய வேண்டியவை



நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று நாள் கணக்கில் தூங்காமல் ஓயாது பேசுகிறது. சில மாதம் கழித்து அதே பிள்ளை பாயை விட்டு எழ மறுக்கிறது. "கண்ணேறா, ஜின்னா?" என்றுதான் நம் வீடுகளில் முதலில் கேட்கிறோம். ‘பைபோலார்’ எனப்படும் இருமுனை மனநோயாகவும் இது இருக்கலாம். ஈமான் குறைவாலோ வளர்ப்புக் குறையாலோ வருவதல்ல இந்த நோய். இரத்த உறவில் யாருக்காவது இருந்தால் வர வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் பதின்பருவத்திலோ அதன் பிறகோ தொடங்கும். சிறு குழந்தைகளிடம் அரிது.

எழுச்சி நிலை: ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடிக்கும். இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பிருக்காது. பேச்சு வேகமாகும், எரிச்சல் மிகும். தன்னால் ஆகாதது இல்லை என்பார்கள். பணத்தை வாரி இறைப்பார்கள்.

சோர்வு நிலை: இரண்டு வாரமாவது நீடிக்கும். அழுகை, சிடுசிடுப்பு, படிப்பிலும் விளையாட்டிலும் பிடிப்பின்மை காணப்படும். சாவைப் பற்றிப் பேசினால் பிள்ளையைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

துறுதுறுப்பு சில பிள்ளைகளின் இயல்பு. அது எந்நாளும் இருக்கும். இந்த நோய் சுற்றுச் சுற்றாக வரும். எனவே, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், தன் பழைய இயல்பிலிருந்து பிள்ளை எவ்வளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள். தூங்கிய நேரத்தையும் மனநிலையையும் தினமும் நோட்டில் குறித்து, அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது. லித்தியம் சாப்பிடுபவர்களுக்கு இரத்தப் பரிசோதனை அவசியம். உடலில் நீர் குறைந்தால் அம்மருந்து இரத்தத்தில் கூடி நஞ்சாகலாம். ஆகவே ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்தது மார்க்கமே.

நோயை மறைத்து வைப்பதன் விலையை ஏர்வாடி நமக்குக் காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. அதே ஏர்வாடி தர்காவில் பின்னர் மருந்தும் துஆவும் சேர்ந்து கிடைக்க அரசு வழி செய்தது. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள். ஓதிப் பார்ப்பதோடு மருத்துவரிடமும் காட்டுவதே முறை.

வாசலூர்பட்டியிலிருந்து மலையிறங்கி நாமக்கல் போவது ஒரு நாள் வேலைதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். இறங்கும் முன்பே 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் இலவசமாகப் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மறைக்கிறோமா? இதையும் மறைக்க வேண்டாம். அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.