குல்மார்க்குக்குப் பருத்தி பனியன் வேண்டாம்

கேள்வி: ஜனவரி கடைசியில் குடும்பத்தோடு குல்மார்க் போய்ப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள ஆசை. பையனுக்குப் பத்து வயது, பெண்ணுக்கு ஆறு. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் மாமனாரும் வருகிறார். ஸ்ரீநகரில் தங்கி ஒரு நாள் போய்வந்தால் போதுமா? கண்டோலா எனும் கேபிள் காரில் எல்லோரும் உச்சி வரை போகலாமா? துணிமணி என்ன எடுத்துக்கொள்வது?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: ஒரு நாள் போதவே போதாது. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கி.மீ.தான். ஆனால் பனி கொட்டிவிட்டால் வழியிலுள்ள தங்மார்க்கில் இறங்கி, டயரில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும். பாதிப் பகல் அதிலேயே போய்விடும். குல்மார்க்கிலேயே மூன்று இரவு தங்குங்கள். முதல் நாள் விழுந்து எழவே சரியாக இருக்கும்.

முடிந்தால் பயணத்தைப் பிப்ரவரிக்குத் தள்ளுங்கள். டிசம்பர் 21 முதல் ஜனவரி கடைசி வரையிலான கடுங்குளிரைக் காஷ்மீரிகள் ‘சில்லாய் கலான்’ என்பார்கள். குல்மார்க்கில் இரவில் மைனஸ் 10 டிகிரியை ஒட்டி இறங்கும். அத்தனை குளிரிலும் பனி பெய்யும் என்று உறுதியில்லை. 2024 ஜனவரியில் பெரும்பாலான நாட்கள் குல்மார்க் சரிவுகள் வெறும் காய்ந்த புல்லாகக் கிடந்தன. மாதக் கடைசியில்தான் பனி கொட்டத் தொடங்கியது. பள்ளிக்கு எப்படியும் விடுப்பு எழுதத்தானே போகிறீர்கள்!

துணி விஷயத்துக்கு வருகிறேன். திருப்பூர்க்காரரிடம் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: பருத்தி பனியன் வேண்டாம். பனிச்சறுக்கில் வியர்த்துக் கொட்டும். பருத்தி அதைக் குடித்துவிட்டுக் காயாமல் கிடக்கும். அசையாமல் நின்றதும் உடம்பு வெடவெடக்கும். உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ், வெளியே தண்ணீரும் காற்றும் புகாத ஜாக்கெட், பேன்ட். ஜீன்ஸ் அறவே கூடாது. சாக்ஸ் ஒரு ஜோடிதான். இரண்டு போட்டால் பூட்ஸ் இறுக்கி, ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் சில்லிடும். பிள்ளைகளுக்கு விரல் பிரிக்காத கையுறையே நல்லது. பனிக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் மறக்க வேண்டாம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணையும் தோலையும் பதம் பார்த்துவிடும். ஜாக்கெட், கம்பூட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். கையில் வாங்கியதும் உள்ளே ஈரமில்லையே என்று தொட்டுப் பாருங்கள்.

குழந்தையின் கன்னமோ மூக்கு நுனியோ வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள். உள்ளே அழைத்துப்போய், வெறும் கையைப் பொத்திவைத்துச் சூடேற்றுங்கள்.

கண்டோலா இரண்டு கட்டம். சுமார் 2,650 மீட்டரிலுள்ள குல்மார்க்கிலிருந்து முதல் கட்டம் கொங்தூரிக்குப் போகிறது, ஏறத்தாழ 3,050 மீட்டர். இரண்டாவது, அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடும். அங்கே காற்று மெலிவு, பனிச்சரிவு அபாயமும் உண்டு. கைதேர்ந்தவர்கள் வழிகாட்டியோடு இறங்கும் இடம் அது. உங்கள் குடும்பத்தில் யாருக்கும் அது தேவையில்லை. பிள்ளைகள் ஊரை ஒட்டிய தாழ்ந்த சரிவில் பயிற்சியாளரோடு, ஹெல்மெட் போட்டுப் பழகட்டும். மாமனார் கொங்தூரி வரை போகலாமா என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும்.

அறையைச் சூடாக்கக் கரி அடுப்பு தந்தால், கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். பனியால் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாவது சகஜம், திரும்பும்போது ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கைபேசிக்குப் போஸ்ட்பெய்டு இணைப்பு வேண்டும். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் எடுக்காது.