வெளிநாட்டுப் படிப்பு: வருஷ பட்ஜெட் ரெடி, முதல் 90 நாள் பட்ஜெட் எங்கே?



போன வருஷம் ஒரு அப்பா என் ஆபீஸுக்கு வந்தார். பையனுக்கு பிரான்ஸ்ல, கிரெனோபிள்ங்கிற ஊர்ல மாஸ்டர்ஸ் சீட். கையில ஒரு எக்ஸெல் ஷீட். விசாவுக்கு மாசம் 615 யூரோ காட்டணும், அதை 12-ஆல பெருக்கி வருஷச் செலவுன்னு போட்டிருந்தார். நானும் பார்த்துட்டு, "சரியா இருக்கு சார்"னு சொல்லி அனுப்பினேன். தப்பு என்னோடதுதான்.

செப்டம்பர்ல பையன் போனான். அக்டோபர்ல அவர்கிட்ட இருந்து போன். "சார், மதியம் கேன்டீன்ல ஒரு வேளைதான் சாப்பிடுறானாம். எங்ககிட்ட சொல்லல, அவன் அக்காகிட்ட சொல்லியிருக்கான்."

அவங்க பணமில்லாத குடும்பம் இல்லை. பணம் இருந்தது, ஆனா டிசம்பர்ல முதிர்வடையுற எஃப்டி-ல இருந்தது. கம்பெனி கணக்குல லாபம் இருந்தும் சம்பளம் போட காசில்லாம போகும்னு சொல்வேன் இல்லையா? அதே கதைதான் இங்கேயும்.

முதல் மாசக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தனியார் ஸ்டுடியோ வாடகை 450 யூரோன்னு வச்சுக்குங்க.

- முதல் மாச வாடகை: 450
- டெபாசிட்: 900 (ஃபர்னிஷ்டு வீட்டுக்கு சட்டப்படி 2 மாச வாடகை வரை கேட்கலாம்)
- செவெக், அதாவது கல்லூரிப் பதிவுக்கு முன்னாடி கட்டவேண்டிய மாணவர் கட்டணம்: 105 (2025-26)
- வீட்டு இன்சூரன்ஸ், வாடகைக்கு இருக்கறவங்களுக்கும் கட்டாயம்: சுமார் 60
- போர்வை, பாத்திரம்: 150
- சாப்பாடு: 200
- பஸ், போன்: 50

மொத்தம் 1,915 யூரோ. விசா கணக்குப்படி மூணு மாசத்துக்கே 1,845 யூரோதான். அதாவது மூணு மாசப் பணம் முதல் மாசத்துலயே காலி! அடுத்த ரெண்டு மாசம் மாசத்துக்கு 700 வச்சாலும், 90 நாளுக்கு 3,315 யூரோ வேணும். குறையுறது 1,470 யூரோ. யூரோ 100 ரூபாய்னு வச்சா கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம். காலேஜ் ஃபீஸ் இதுல சேரலை.

"அரசாங்கமே வாடகைக்கு உதவி தருமே"ன்னு கேட்பீங்க. காஃப்ங்கிற அமைப்பு தர்ற உதவி அது. செப்டம்பர்ல குடியேறினா, உரிமை அக்டோபர்ல இருந்துதான். அக்டோபர் பணம் நவம்பர்ல வரும், அதுவும் பேப்பர் எல்லாம் சரியா இருந்தா. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வர்ற, ஸ்காலர்ஷிப் இல்லாத மாணவர்களுக்கு இதை நிறுத்துற திட்டம் 2026 பட்ஜெட் மசோதாவுலயே இருந்தது. அதனால பட்ஜெட்ல காஃப் வரவு பூஜ்யம்னு போடுங்க. வந்தா போனஸ்.

பார்ட் டைம் வேலையும் அப்படித்தான். வருஷத்துக்கு 964 மணி நேரம் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனா சின்ன ஊர்க் கடையில பிரெஞ்சு பேசத் தெரியாம வேலை கிடைக்கிறது கஷ்டம். முதல் 90 நாள்ல இந்த வரவும் பூஜ்யம்.

சரி, என்ன செய்யலாம்?

ஒண்ணு, முதல் 90 நாள் பணத்தை, கையிருப்போட சேர்த்து 3,500 யூரோவா, எஃப்டி-ல பூட்டாம சேவிங்ஸ்ல வைங்க. ஒரு பகுதியை ஃபாரெக்ஸ் கார்டுல ஏத்தி அனுப்புங்க. அங்கே பேங்க் அக்கவுன்ட் திறக்க வீட்டு முகவரிச் சான்று கேட்பாங்க. வீடு கிடைக்கிற வரைக்கும் கார்டுதான் துணை.

ரெண்டு, வீட்டுக்கு ஜாமீன் கேட்டா விசால் திட்டத்துல விண்ணப்பிங்க. மாணவர்களுக்கு இலவசம். ஏஜென்ட் மூலமா காசு கொடுத்து ஜாமீன் வாங்க அவசரப்படாதீங்க.

மூணு, பிறப்புச் சான்றிதழ்ல அப்பா, அம்மா பேர் இருக்கான்னு இங்கேயே சரிபாருங்க. மருத்துவக் காப்பீட்டுப் பதிவுக்கு அது வேணும். பதிவு இலவசம், ஆனா முடியற வரைக்கும் டாக்டர் ஃபீஸ் 30 யூரோ நம்ம கையில இருந்து.

நாலு, பல்கலைக்கழக கேன்டீன்ல முழுச் சாப்பாடு 2025-ல 3.30 யூரோவா இருந்தது. பண நெருக்கடியில இருந்த மாணவர்கள் விண்ணப்பிச்சா 1 யூரோவுக்கும் கிடைச்சது. அந்தப் பையனுக்கு இது தெரியவே தெரியாது. வார இறுதியில பெரும்பாலும் மூடியிருக்கும், ஞாயித்துக்கிழமை நிறைய கடையும் இருக்காது. சனிக்கிழமையே அரிசி, பருப்பு வாங்கி வச்சுக்கச் சொல்லுங்க.

அந்த அப்பா எஃப்டி-யை உடைச்சு அனுப்பினார். வட்டியில கொஞ்சம் போச்சு, அது பெரிய நஷ்டம் இல்லை. பையன் வீட்டுக்குச் சொல்லத் தயங்கினதுதான் எனக்கு உறுத்துச்சு. "இவ்வளவு செலவு பண்ணி அனுப்பியிருக்காங்க, இன்னும் எப்படிக் கேட்கறது"ன்னு நினைச்சானாம்.

அதனால ஃபிளைட் ஏறுறதுக்கு முன்னாடி பிள்ளையோட உட்கார்ந்து இந்தக் கணக்கைச் சேர்ந்து போடுங்க. "முதல் மூணு மாசம் எக்ஸ்ட்ரா ஆகும், அது எங்களுக்குத் தெரியும், தயங்காம கேளு"ன்னு வாயைத் திறந்து சொல்லிடுங்க.

அடுத்த வீடியோல கல்விக் கடன் இஎம்ஐ பத்திப் பார்ப்போம்.