பத்தாவது மார்க் ஷீட்டைப் பரண்மேல் போடாதீர்கள்

காரைக்குடி வட்டாரத்தில் பிளஸ் டூ கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மே மாதம் ரிசல்ட் வந்துவிட்டால் யார் யாரோ பிள்ளையை அழைத்துக்கொண்டு யோசனை கேட்க வருவார்கள். கையில் பிளஸ் டூ மார்க் ஷீட் மட்டும்தான் இருக்கும். பத்தாவது மார்க் ஷீட் எங்கே என்று கேட்டால், "அது எதுக்கு சார், அதான் பன்னெண்டாவதே முடிச்சாச்சே" என்பார்கள். எதற்கு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் 2021. கொரோனா இரண்டாம் அலையில் அந்த ஆண்டு ஜூன் 5 அன்று பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்தானது. அதே மாதக் கடைசியில் மார்க் போடும் முறையை அரசு அறிவித்தது. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூவின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30. பத்தாவதில் அதிகம் எடுத்த மூன்று பாடங்களின் சராசரியை எடுத்து, பிளஸ் டூவின் எல்லாப் பாடங்களுக்கும் அதையே வைத்தார்கள். பிளஸ் ஒன்னில் மட்டும் அந்தந்தப் பாடத்தின் எழுத்துத் தேர்வு மார்க். அந்தப் பிள்ளைகள் பத்தாவது எழுதியது 2019 மார்ச்சில். இரண்டு வருஷம் கழித்துக் கல்லூரி வாசலில் அந்த மார்க்தான் பாதியாக வந்து நிற்கும் என்று அப்போது ஆசிரியர்களான எங்களுக்கே தெரியாது.

கல்லல் பக்கத்துக் கொத்தனார் ஒருவரின் மகளுக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. பத்தாவதில் சமூக அறிவியல் 93, தமிழ் 92, அறிவியல் 85. மூன்றின் சராசரி 90, ஐம்பதுக்கு 45. பிளஸ் ஒன் கணித எழுத்துத் தேர்வில் 90க்கு 54, இருபதுக்கு 12. பிளஸ் டூ கணிதத்துக்குச் செய்முறை கிடையாது. ஆகவே அகமதிப்பீட்டில் வாங்கிய பத்துக்குப் பத்து அப்படியே முப்பதாகிறது. கூட்டினால் 87. பத்தாவது கணிதத்தில் அவள் எடுத்தது வெறும் 70. அது இந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. "எம் பிள்ளைக்குக் கணக்கு அவ்வளவா வராதே சார், எப்படி இம்புட்டு மார்க்குப் போட்டாக?" என்று அந்த அப்பா கேட்டார். அவளுக்கு அதை வாங்கித் தந்தது தமிழும் சமூக அறிவியலும். "கட்-ஆஃபுக்கு ஆகாத பாடம்" என்று பல வீடுகளில் ஒதுக்கி வைக்கிற பாடங்கள் அவை.

அதே முறையில் அடிபட்டவர்களும் உண்டு. பத்தாவதில் விளையாட்டாக இருந்துவிட்டு, பிளஸ் டூவில் ராப்பகலாக உழைத்த பையன்கள். அவர்களின் உழைப்பைக் காட்டத் தேர்வே இல்லாமல் போயிற்று. மார்க் போதாது என்று நினைப்பவர்கள் ஆகஸ்டில் தனியாகத் தேர்வு எழுதலாம் என்றார்கள். ஆனால் அதில் வருவதுதான் இறுதி மார்க் என்பதால் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் யாரும் துணியவில்லை. இருந்தாலும் அந்த முறையை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய வருஷம் இங்கிலாந்தில் இதே நெருக்கடி வந்தபோது, பள்ளியின் பழைய தேர்ச்சி வரலாற்றையும் சேர்த்துக் கணினிக் கணக்கில் மார்க் போட்டார்கள். ஆசிரியர்கள் மதிப்பிட்டுக் கொடுத்த கிரேடுகளில் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்துபோய், பிள்ளைகள் தெருவுக்கு வந்து போராடி, 2020 ஆகஸ்ட் 17 அன்று அதை வாபஸ் வாங்கினார்கள். யாரோ வாங்கிய மார்க்குக்காக நம் பிள்ளை தண்டம் கட்டுவது அநியாயம். இங்கே வைத்தது பிள்ளையின் சொந்த மார்க்.

அது அசாதாரணமான ஆண்டு, இப்போது என்ன என்று கேட்பீர்கள். எங்கள் ஊரையே வைத்துச் சொல்கிறேன். வள்ளல் அழகப்பர் 1947இல் கலைக் கல்லூரியையும் 1952இல் பொறியியல் கல்லூரியையும் தொடங்கினார். நிலமும் பணமும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் கேட்கிற மார்க் வேறு. இன்று அரசுக் கல்லூரியாக இருக்கும் கலைக் கல்லூரியில் மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மார்க்கை வைத்து ரேங்க் போடுவார்கள். அங்கேயே பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மார்க். பொறியியல் கல்லூரிக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போட்டுக் கவுன்சலிங். சிக்ரியின் பி.டெக். படிப்புக்கும் அதே கவுன்சலிங்தான். அழகப்பா பாலிடெக்னிக்கில் முதலாண்டு டிப்ளமோவுக்குப் பத்தாவது மார்க்கே போதும்.

இந்தக் கடைசி வாசலை நம் பெற்றோர்கள் மதிப்பதே இல்லை. பிளஸ் டூவில் கணிதத்தில் தடுமாறக்கூடும் என்று தெரிகிற பிள்ளைக்குப் பத்தாவது மார்க் நன்றாக இருந்தால், மூன்று வருஷம் டிப்ளமோ முடித்துவிட்டு நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அந்த நேரடிச் சேர்க்கைக்கான கவுன்சலிங் பல ஆண்டுகள் தமிழ்நாடு முழுவதற்கும் எங்கள் காரைக்குடிப் பொறியியல் கல்லூரியில்தான் நடந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் பெட்டியும் கையுமாக வந்து இறங்கியதைப் பார்த்தும் உள்ளூரில் பலருக்கு அந்த வழி தோன்றவில்லை என்பது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

பொறியியல் கட்-ஆஃபில் பத்தாவதுக்கு நேரடி இடம் கிடையாது. ஆனால் ஒரே கட்-ஆஃபில் பலர் வந்து நிற்பார்கள். அப்போது முதலில் கணித மார்க், பிறகு இயற்பியல், பிறகு நான்காவது பாடம், பிறகு பிளஸ் டூ மொத்தம் என்று பார்த்துக்கொண்டே வருவார்கள். அதிலும் சமமென்றால் பத்தாவது மொத்தம். அதற்கும் பிறகுதான் பிறந்த தேதியும் ரேண்டம் எண்ணும். மேல்மட்டக் கட்-ஆஃபில் ரேங்க் ஒரு சில இடம் முன்னே பின்னே போனாலும் கேட்ட பிரிவு கைநழுவிப் போகும். கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்க்கைவிட முக்கியமாக ஒன்று இருக்கிறது: பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தது என்பது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கு வந்தது; அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலான படிப்புகளுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டுப் பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. எங்கள் பக்கம் செட்டிமார்கள் கட்டிக் கொடுத்த நல்ல உதவி பெறும் பள்ளிகள் பல இருக்கின்றன. அரசுச் சம்பளம் வாங்கும் வாத்தியார்கள்தானே இருக்கிறார்கள், அதுவும் அரசுப் பள்ளிதான் என்று நினைத்து, நடுவில் ஒரு வருஷம் பிள்ளையை மாற்றிவிட்டு, கடைசியில் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்பதாவதில் ஸ்கூல் மாற்றுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

பத்தாவது ரிசல்ட் வந்த கையோடு வருவது, பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்ற கேள்வி. கணிதம் இல்லாத குரூப் எடுத்துவிட்டு இன்ஜினீயரிங் கேட்டால் பெரும்பாலான பிரிவுகள் கிடைக்காது. மார்க் குறைவென்று ஒரு பள்ளியில் குரூப் மறுத்தால் பக்கத்துப் பள்ளியில் கேளுங்கள். ஒரு தலைமையாசிரியர் வைத்திருக்கும் அளவு இன்னொருவரிடம் இருக்காது.

பிளஸ் ஒன் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு 2018இல் தொடங்கிய பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து இல்லை. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதித்து நேராக பிளஸ் டூவை நடத்திய பள்ளிகள் பெருகியதால்தான் அந்தத் தேர்வே வந்தது. அந்தப் பழக்கம் திரும்பிவிடக் கூடாது. நீட், ஜேஇஇ இரண்டிலும் பிளஸ் ஒன் பாடமும் இருக்கிறது. பிளஸ் ஒன் இயற்பியல் நடக்கிறதா என்று மாதம் ஒரு முறை பிள்ளையின் நோட்டைத் திறந்து பாருங்கள். இயக்கவியலும் வெப்ப இயக்கவியலும் அதில் இருந்தால் சரி.

படிப்பு முடிந்த பிறகும் பத்தாவது மார்க் விடுவதில்லை. கேம்பஸுக்கு வரும் பல நிறுவனங்கள் பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்கின்றன. டிகிரியில் 80 வாங்கிய பையன் பத்தாவதில் 57 என்பதால் முதல் சுற்றிலேயே வெளியே நின்றதைப் பார்த்தேன்.

கடைசியாகப் பெயர். பிறந்த தேதிக்கும் பெயருக்கும் பெரும்பாலான இடங்களில் ஆதாரமாகக் கேட்பது பத்தாவது சான்றிதழைத்தான். எங்கள் செட்டிநாட்டில் இனிஷியல் ஒன்றோடு நிற்காது. ராம. அழ. என்று இருப்பது ஆதாரில் வெறும் ஆர். என்றும் பத்தாவது மார்க் ஷீட்டில் ஆர்.எம். என்றும் இருந்தால், சான்றிதழ் சரிபார்ப்பில் மறித்துவிடுவார்கள். ஒன்பதாவது முடியும்போதே பள்ளிக்குப் போய் எமிஸ் என்ற மாணவர் விவரப் பதிவில் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஆதாரோடும், சாதியைச் சாதிச் சான்றிதழோடும் வைத்து ஒத்துப் பாருங்கள். பத்தாவதுக்குப் பெயர்ப் பட்டியல் போகும் முன்னால் பள்ளியிலேயே திருத்திவிடலாம். மார்க் ஷீட் அச்சான பிறகு திருத்துவதென்றால் அலைச்சல்.