மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி: ரசிகருக்குச் சில யோசனைகள்

2021 நவம்பர் 26, தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் நகரத்து மெமோரியல் ஸ்டேடியம் வழக்கம்போலச் சிவப்புச் சட்டைகளால் நிறைந்திருந்தது. அந்த சீசனில் அதுவரை எட்டு ஆட்டங்களில் தோற்றிருந்த நெப்ராஸ்கா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி, பக்கத்து மாநிலமான அயோவாவின் அணிக்கு எதிராக 21-6 என்று முன்னிலையில் இருந்தது. சீசனின் கடைசி ஆட்டம். இதையாவது ஜெயித்தால் குளிர்காலத்தை எப்படியோ ஓட்டிவிடலாம். பிறகு, நெப்ராஸ்கா உதைத்தனுப்ப முயன்ற பந்தை அயோவா வீரர்கள் தடுத்து, எடுத்துக்கொண்டு எதிர் எல்லைவரை ஓடி 'டச்டவுன்' ஆக்கினார்கள். அந்த 21-க்கு மேல் நெப்ராஸ்கா ஒரு புள்ளிகூடச் சேர்க்கவில்லை. முடிவு 28-21. ஒன்பதாவது தோல்வி.

இப்படி ஒரு சீசனில் மாட்டிக்கொண்ட ரசிகர்களுக்காக இதை எழுதுகிறேன். தாத்தா காலத்து டிக்கெட்டைப் பரம்பரைச் சொத்தாக வைத்திருக்கும் லிங்கன்வாசிக்கும் இது பொருந்தும். எம்.எஸ். படிக்கப் போய், முதல் செமஸ்டரிலேயே பல்கலைக்கழகச் சட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, விதிகள் புரிவதற்கு முன்பே ரசிகராகிவிட்ட நம் வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்தும். "விளையாட்டுதானே, விடு" என்று அவர்களிடம் நான் சொல்ல மாட்டேன். சொன்னால் விட்டுவிடக்கூடிய விஷயமாக இருந்தால் அவர்களே எப்போதோ விட்டிருப்பார்கள். அந்த வலிக்குக் காரணங்கள் இருக்கின்றன. முதலில் அவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் காரணம் நாள்காட்டி. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஓர் அணிக்கு வழக்கமான சீசனில் 12 ஆட்டங்கள்தான். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசியில் முடிந்துவிடும். பெரும்பாலும் சனிக்கிழமைக்கு ஒன்று. ஐ.பி.எல்.லில் செவ்வாய்க்கிழமை தோற்றால் வெள்ளிக்கிழமை ஆறுதல் கிடைத்துவிடும். இங்கே ஒரு முழு வாரம் அந்தத் தோல்வியைச் சுமக்க வேண்டும். சீசன் முடிந்தால் அடுத்த ஆட்டத்துக்கு ஒன்பது மாதம். ஆறு ஆட்டமாவது ஜெயித்தால்தான் 'பௌல்' என்ற ஆண்டிறுதிச் சிறப்பு ஆட்டத்துக்குத் தகுதி. ஏழாவது தோல்வி வந்த நாளோடு அந்த வருடம் ஏறக்குறைய முடிந்துபோகிறது. நெப்ராஸ்காவில் இன்னொன்றும் உண்டு. அந்த மாநிலத்தில் பெரிய தொழில்முறை லீக் அணி எதுவுமே கிடையாது. மாநிலம் முழுவதற்கும் இருப்பது இந்த ஓர் அணிதான். 1970-லிருந்து 1997-க்குள் ஐந்து தேசியப் பட்டங்களை வென்ற அணி வேறு. அந்தப் பொற்காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் அதே இருக்கைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் மனத்தின் கணக்கு. பிரிட்டனில் சாக்கர் ரசிகர்களை வைத்து, சசெக்ஸ் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் இருவர் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தோல்வி தரும் துக்கம், வெற்றி தரும் மகிழ்ச்சியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது அதன் முடிவு. அப்படியானால் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி என்பது மனத்துக்குள் மூன்றுக்குப் பதினெட்டாகப் பதிவாகிறது. 1976-ல் ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைக் கவனித்தார். அணி ஜெயித்த வாரத்தின் திங்கட்கிழமையன்று பல்கலைக்கழகச் சட்டை போட்டு வந்தவர்கள் அதிகம். ஜெயித்தால் "நாம் ஜெயித்தோம்" என்றார்கள். தோற்றால் "அவர்கள் தோற்றார்கள்" என்றார்கள். தோற்ற பிறகும் "நாம்" என்றே சொல்பவர்தான் அதிகம் அடிபடுகிறார். அவருடைய பற்றில் தவறு ஏதும் இல்லை. அந்தப் பற்றை எங்கே கட்டிவைப்பது என்பதில்தான் யோசனை தேவைப்படுகிறது.

தோற்ற அன்றைய மாலையிலிருந்து தொடங்குகிறேன். ஆட்டம் முடிந்த முதல் இரண்டு மணி நேரம் ஃபோனைத் தொடாதீர்கள். மறு ஒளிபரப்பு வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் சண்டை வேண்டாம். எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். சாப்பிடாமல் இருந்தால் சாப்பிடுங்கள். கார் நிறுத்துமிடத்தில் காலையிலிருந்து டெயில்கேட் கொண்டாட்டத்தில் குடித்திருந்தால் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். கோபம் வீட்டுக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் நான் மென்மையாகப் பேச மாட்டேன். டேவிட் கார்ட், கார்டன் டால் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் தொழில்முறைக் கால்பந்தான என்.எஃப்.எல். ஆட்டங்களையும் காவல்துறைப் பதிவுகளையும் ஒப்பிட்டு 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஜெயிக்கும் என்று எதிர்பார்த்த உள்ளூர் அணி தோற்ற நாட்களில், வீட்டுக்குள் ஆண்கள் தங்கள் மனைவியர்மீதும் துணைவியர்மீதும் நிகழ்த்தும் வன்முறை ஏறத்தாழ 10 சதவீதம் கூடியிருந்தது. தோல்வியால் உங்கள் குரல் உயர்கிறது, கதவு படாரென்று சாத்தப்படுகிறது, பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்து ஒதுங்குகிறார்கள் என்றால், அந்த சீசனை நீங்கள் டி.வி.யில் பார்க்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் ஸ்கோரைப் படித்துக்கொள்ளுங்கள். துக்கம் வாரக்கணக்கில் நீண்டு தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்தால் அது கால்பந்தைப் பற்றிய துக்கமாக இருக்காது; வேறு ஏதோ ஒன்று அதன் பெயரில் வெளிவருகிறது. தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் 988 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

அடுத்ததாக, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். சொன்னால் பலர் சிரிக்கிறார்கள், ஆனால் எனக்குத் தெரிந்து இதைவிடப் பயன்தரும் மருந்து இல்லை. தோற்கும் அணியைப் பார்க்கும்போது ஸ்கோரை மட்டுமே பார்த்தால் ஒவ்வொரு வாரமும் ஒரே செய்திதான். உள்ளே என்ன நடக்கிறது என்று குறித்துவைத்தால் ஒவ்வொரு வாரமும் புதிதாக ஏதாவது தெரியவரும்.

நெப்ராஸ்காவின் அந்த 2021 சீசனையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 ஆட்டங்களில் அணி எடுத்த புள்ளிகள் 335. விட்டுக்கொடுத்தது 272. ஒன்பது ஆட்டம் தோற்ற அணி, எதிரணிகளைவிட 63 புள்ளி அதிகம் எடுத்திருக்கிறது. ஒன்பது தோல்விகளில் எட்டு, எட்டுப் புள்ளிக்குள் முடிந்தவை. ஒஹாயோ ஸ்டேட்டிடம் தோற்றது மட்டும் ஒன்பது புள்ளியில். "நம் அணி நல்ல அணிதான், நேரம்தான் சரியில்லை" என்று அன்று பலரும் ஆறுதல் அடைந்தார்கள். நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவர் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கழிப்பார். ஜெயித்த மூன்று ஆட்டங்களில் மட்டும் 136-க்கு 17. அதை ஒதுக்கினால், தோற்ற ஒன்பதில் 199-க்கு 255; ஆட்டத்துக்கு ஆறு புள்ளி பற்றாக்குறை. எங்கே போயின அந்தப் புள்ளிகள்? ஓக்லஹோமா ஆட்டத்தில், டச்டவுனுக்குப் பிறகு கூடுதல் ஒரு புள்ளிக்காக உதைத்த பந்தை எதிரணி தடுத்து, மறுமுனைவரை ஓடி இரண்டு புள்ளி எடுத்தது. மிஷிகன் ஸ்டேட் ஆட்டத்தில், உதைத்தனுப்பிய பந்தை எதிரணி வீரர் பிடித்து நேராக டச்டவுனுக்கு ஓடினார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் மூன்று புள்ளியில் தோல்வி. கடைசியில் அயோவா. மூன்றிலும் பந்தை உதைக்கும் வேளையில்தான் அடி விழுந்திருக்கிறது. இதை எழுதிவைத்த ரசிகருக்கு நவம்பரில் நேரத்தின்மேல் கோபம் வராது. எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கும். அடுத்த ஆண்டு, பந்தை உதைக்கும் வேளைகளைக் கவனிக்கும் பிரிவுக்கென்று தனியே ஒரு பயிற்சியாளரைப் பொறுப்பாக்கினார்கள்.

நோட்டின் இன்னொரு பயன், பொய்யான ஆறுதலிலிருந்து நம்மைக் காப்பது. நூலிழைத் தோல்விகளில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அப்போதைய பயிற்சியாளர் ஸ்காட் ஃபிராஸ்டின் காலம் முழுவதும் எட்டுப் புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களில் கிடைத்தது 5 வெற்றி, 22 தோல்வி. ஒரு சீசனில் நடந்தால் துரதிர்ஷ்டம் எனலாம். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் அது பழக்கம். ஃபிராஸ்ட் 1997-ல் பட்டம் வென்ற அணியில் ஆட்டத்தை முன்நின்று நடத்திய 'குவார்ட்டர்பேக்', அந்த மாநிலத்துப் பிள்ளை. அதனாலேயே பலருக்கு இதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. 2022 செப்டம்பரில் சொந்த மைதானத்தில் ஜார்ஜியா சதர்ன் அணியிடம் 45-42 என்று தோற்ற மறுநாள் அவரை நீக்கினார்கள். பிடித்த மனிதரைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி எழுதிவைக்கப் பழகியிருந்தால், அந்த நாள் அவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

நோட்டில் ஒரு பக்கத்தை முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒதுக்குங்கள். இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து அவர்களை மட்டும் பின்தொடருங்கள். செப்டம்பரில் தடுமாறியவர் நவம்பரில் எப்படி நிற்கிறார் என்று பார்க்கும் சந்தோஷத்தை ஸ்கோர் பறிக்க முடியாது.

சனிக்கிழமையில் ஆட்டத்தைத் தவிர வேறு என்ன உங்களுக்குச் சொந்தம் என்றும் யோசியுங்கள். டெக்ஸஸில் ஹூஸ்டனுக்கு அருகே பிரெய்ரி வியூ ஏ அண்டு எம் என்ற கறுப்பினத்தவர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1989-லிருந்து 1998 வரை அதன் அணி தொடர்ந்து 80 ஆட்டங்கள் தோற்றது. பணப் பிரச்சினைகளால் 1990-ல் அணியையே நிறுத்திவைத்தார்கள். மறுபடி தொடங்கியபோது வீரர்களுக்கு விளையாட்டு உதவித்தொகை கிடையாது. அந்த ஆண்டுகளிலும் மக்கள் மைதானத்துக்கு வந்தார்கள். இடைவேளையில் 'மார்ச்சிங் ஸ்டார்ம்' என்ற அவர்களுடைய வாத்தியக் குழு இறங்கி ஆடும். அதைப் பார்க்கவே வந்தவர்கள் பலர். 1998 செப்டம்பர் 26 அன்று லேங்ஸ்டன் அணியை 14-12 என்று வென்றபோது கொண்டாட ஒரு கூட்டம் மிச்சம் இருந்தது என்றால், அதில் அந்தக் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

நெப்ராஸ்கா ரசிகர்களுக்கு வேறொரு வழக்கம். ஆட்டம் முடிந்து எதிரணி வெளியேறும்போது எழுந்து நின்று கைதட்டுவார்கள், தோற்றாலும். கோஸும் மாட்டிறைச்சியும் அடைத்த 'ரன்சா' என்ற ரொட்டியை வாங்கிக் குடும்பத்தோடு சாப்பிடுவார்கள். 2023 ஆகஸ்டில் அதே மைதானத்தில் பெண்கள் வாலிபால் ஆட்டம் நடந்தபோது 92,003 பேர் வந்தார்கள். கால்பந்து அணி சோர்ந்திருக்கும் ஆண்டில் அதே பல்கலைக்கழகத்தின் இன்னோர் அணியைப் போய்ப் பாருங்கள். அது துரோகம் ஆகாது.

வீரர்களுக்கு நேரடியாகக் குறுஞ்செய்தி அனுப்பித் திட்டுவதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். 2021 முதல் கல்லூரி வீரர்கள் விளம்பரங்களில் சம்பாதிக்கலாம், இப்போது பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம். "காசு வாங்குகிறான், கேட்டுக்கொள்ளட்டும்" என்று அதைக் காட்டிப் பேசுகிறார்கள். கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் பயிற்சியாளரும் நிர்வாகமும்தான். பந்தைத் தவறவிட்டவருக்கு வயது பத்தொன்பது, திங்கட்கிழமை அவருக்கு வகுப்பு இருக்கிறது. உங்கள் அணியின்மேல் பந்தயமும் கட்டாதீர்கள். ஏற்கெனவே இரண்டு மடங்காக வலிக்கும் தோல்வியில் வீட்டுப் பணத்தையும் சேர்த்துவிடக் கூடாது.

போகப் பிடிக்காத வாரம் போக வேண்டாம். ஆனால் டிக்கெட்டை வீணாக்காதீர்கள். 1962 நவம்பரிலிருந்து நெப்ராஸ்காவின் சொந்த மைதான ஆட்டங்களுக்கு டிக்கெட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்துவருகின்றன. 2021-ல் அந்த வரிசை அறுந்துவிடும்போல் இருந்தபோது கொடையாளர்கள் மிச்ச டிக்கெட்டுகளை வாங்கி, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். முதன்முறையாக அந்த மைதானத்துக்குள் நுழையும் ஒரு சிறுவனுக்கு அணி எத்தனை ஆட்டம் தோற்றிருக்கிறது என்பது பெரிய விஷயமே இல்லை.

அடுத்த ஆண்டு எல்லாம் மாறிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நெப்ராஸ்கா 2017 முதல் 2023 வரை ஏழு சீசன்கள் ஒரு பௌல் ஆட்டம்கூட இல்லாமல் இருந்தது. 2024-ல்தான் ஆறாவது வெற்றி வந்தது. டிசம்பரில் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் பாஸ்டன் கல்லூரி அணியை 20-15 என்று வென்றார்கள். சிகாகோவை ஒட்டிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக அணி 34 தொடர் தோல்விகளை 1982-ல் முடித்தபோது, மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டுபோய் மிஷிகன் ஏரியில் போட்டார்கள். அந்த அணி 'ரோஸ் பௌல்' என்ற புகழ்பெற்ற பௌல் ஆட்டத்துக்குத் தகுதிபெற மேலும் 13 ஆண்டுகள் ஆயின. உங்கள் காத்திருப்பை மாதங்களில் கணக்கிடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சீசனின் கடைசியில் சொந்த மைதானத்தில் 'சீனியர் டே' வரும். அந்த ஆண்டோடு விடைபெறும் மாணவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் அழைக்கப்பட்டு, மைதானத்துக்குள் வந்து அம்மா அப்பாவைக் கட்டிக்கொள்வார்கள். ஜெயிக்கும் அணியில் அந்த நேரத்துக்கு இருக்கைகள் நிறைந்திருக்கும். தோற்கும் அணியில் பாதிப் பேர் இன்னும் கார் நிறுத்துமிடத்திலேயே இருப்பார்கள். நான்கு வருடம் உழைத்து ஒரு பௌல் ஆட்டம்கூட ஆடாமல் போகும் பிள்ளைகள் அவர்கள். அந்த ஒரு நாள் மட்டும், ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே உள்ளே போய் உங்கள் இருக்கையில் உட்கார்ந்துவிடுங்கள்.