இனிப்பு நீரும் கால் நரம்பும்

வியாபாரப் பெருமக்களான நம்மில் இனிப்பு நீர் வியாதி உள்ளவர்கள் பலர் இரத்தச் சர்க்கரையைக் கடைக் கணக்குப்போல் ஒழுங்காக எழுதி வருகிறார்கள். மெச்சத்தக்கதே. கால்களைப் பற்றி விசாரித்தால் மட்டும், "வலி ஒன்றுமில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். வலி தெரியாதிருப்பதே சில சமயம் கெட்ட செய்தியாகும்.

சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் நரம்புகள் கெடுகின்றன. உடம்பில் மிக நீளமானவை காலுக்குச் செல்லும் நரம்புகள்; ஆதலால் கேடு கால்விரலில் தொடங்கி மெல்ல மேலேறுகிறது. சிலருக்கு இராக்காலத்தில் எரிச்சலும் ஊசி குத்தலும் உண்டு. பலருக்கோ எதுவும் தெரிவதில்லை. பகலெல்லாம் நின்று வியாபாரம் பார்க்கிறோம். செருப்புக்குள் கிடக்கும் சிறு கல் உறைக்காவிட்டால் அது புண்ணாகி, சீழ் வைத்து, விரலையே எடுக்க நேரிடலாம். போன உணர்ச்சியை மீட்கும் மருந்து இல்லை. முன்கூட்டி அறிந்தால் சர்க்கரையை அடக்கி, கேடு பெருகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே செய்யும் பரீட்சை ஒன்றுண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர டாக்டர்கள் 2011-ல் வெளியிட்டது. காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வீட்டிலுள்ள ஒருவர் ஆள்காட்டி விரல் நுனியால் இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றை, முன்பின்னாக, ஒவ்வொன்றாய்த் தொட வேண்டும். இறகு பட்டாற்போல் ஓரிரு வினாடி போதும். அழுத்தலாகாது, தட்டலாகாது, ஒரே விரலை இரண்டாந்தரம் தொடவுமாகாது. தொட்டது வலமா இடமா என்று படுத்திருப்பவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமற்போனால் டாக்டரிடம் காலைக் காட்டுவதில் தாமதம் கூடாது.

இதில் தேறிவிட்டோம் என்று இருந்துவிடவும் முடியாது. சூடு, குளிர், ஊசிமுனை ஆகியவற்றை அறியும் மெல்லிய நரம்புகள் முந்திக் கெடுவதுண்டு. அவற்றையும், 128 அதிர்வுள்ள இசைக்கவை, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஆகியவற்றால் மற்ற நரம்புகளையும் டாக்டரே சோதிக்க வேண்டும். நடுவயதில் வரும் இனிப்பு நீருக்கு, வியாதி கண்ட அன்றே ஒருமுறை, பின் வருஷந்தோறும் ஒருமுறை இது தேவை. சிங்கப்பூர்ப் பலதுறை மருந்தகங்களில் இதற்கு ஏற்பாடு உண்டு.

ஐந்து வேளை ஒளுவில் கால் கழுவும் நாம் அந்தக் காலைக் குனிந்து பார்க்காதது ஆச்சரியந்தான். கழுவியபின் விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். வெந்நீரின் சூட்டைக் காலால் அறிய முயலாமல் முழங்கையால் பார்ப்பது நல்லது.

இன்னொன்று. மெட்ஃபோர்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 வைட்டமின் குறைவதுண்டு. அதனாலும் கால் மரக்கும். அதைச் சரிசெய்ய வழியுண்டு. மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், இரத்தத்தில் அதையும் பார்க்கும்படி டாக்டரிடம் கேட்கலாம்.